நில்பொடென்ட் அணிகளின் குறி அமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேரியல் இயற்கணிதம் சொல்லித்தரும்போது பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. இரண்டு மூன்றை நானே எனக்குக் கேட்டுக்கொண்டேன். அணிப் பெருக்கல், அணிக்கோவை, ஐகன் மதிப்பு இந்த மூன்றும் தெரிந்தால் போதும். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும்.

நில்பொடென்ட் அணி என்றால் என்ன?

தன்னையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் பூச்சிய அணியாகிவிடும் சதுர அணி. உதாரணம்:

 1   1
−1  −1

இதன் வர்க்கத்தைப் போட்டுப் பாருங்கள். முதல் நிரை, முதல் நிரல்: 1×1 + 1×(−1) = 0. மற்ற மூன்று இடங்களும் அதே கதைதான். ஓர் உறுப்புகூடப் பூச்சியமில்லாத அணி, இரண்டாம் அடுக்கிலேயே ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. முதல்முறை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கணக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பார்கள்.

இதையே வேறு விதமாகவும் சொல்லலாம்: ஐகன் மதிப்புகள் எல்லாமே பூச்சியம். அணி ம × ம என்றால் சிறப்பியல்புக் கோவை (ஐகன் மதிப்புகளை மூலங்களாகக் கொண்ட கோவை) வெறும் யᵐ. அதனால் கெய்லி–ஹாமில்டன் தேற்றப்படி (எந்தச் சதுர அணியைத் தன் சிறப்பியல்புக் கோவையில் போட்டாலும் பூச்சிய அணி வரும்) ம-ஆம் அடுக்குக்குள் அணி பூச்சியமாகியே தீர வேண்டும்.

குறி அமைப்பு என்றால்?

அணியில் உள்ள எண்களை அழித்துவிட்டு, மிகையா குறையா பூச்சியமா என்பதை மட்டும் மிச்சம் வைத்தால் கிடைப்பது. மேலே உள்ள அணியின் குறி அமைப்பு:

+  +
−  −

இதே குறிகளோடு எண்ணற்ற அணிகள் இருக்கின்றன. அவை எல்லாம் சேர்ந்தது ஒரு குடும்பம். குடும்பத்தில் ஒருவர் நில்பொடென்ட் என்பதால் மற்றவர்களும் அப்படி இருக்க வேண்டிய அவசியமில்லை. மேலே உள்ள 1-களில் ஒன்றை 5 ஆக்கினாலே போச்சு.

எண்ணை எறிந்துவிட்டுக் குறியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பல துறைகளில் கையில் இருப்பதே குறி மட்டும்தான். விலை ஏறினால் தேவை குறையும் என்று தெரியும். எவ்வளவு குறையும் என்று தெரியாது. பால் சாமுவேல்சன் 1947-இல் வெளியிட்ட நூலில் இந்தச் சிக்கலை எழுப்பினார். 1965-இல் குவர்க், ரப்பர்ட் என்ற இரு பொருளியலாளர்கள், ஒரு சமநிலை நிலைத்து நிற்குமா என்பதைக் குறிகளை மட்டும் வைத்துச் சொல்ல முடிகிற இடங்களை ஆராய்ந்தார்கள். 1973-இல் ராபர்ட் மே அதைச் சூழலியலுக்குக் கொண்டுபோனார். மான் பெருகினால் புலிக்கு நல்லது, புலி பெருகினால் மானுக்குக் கெட்டது. இதில் ஒரு + இருக்கிறது, ஒரு − இருக்கிறது. காட்டில் போய் அதற்கு மேல் துல்லியமாக அளப்பது லேசல்ல.

இந்தப் புலி–மான் ஜோடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும். அணியின் மொழியில் அது, (1,2) இடமும் (2,1) இடமும் எதிரெதிர்க் குறியோடு இருப்பது.

அப்படியென்றால் 'நில்பொடென்ட் அணியின் குறி அமைப்பு' என்று கேட்பதில் என்ன பொருள்?

இரண்டு தனித்தனிக் கேள்விகள் இதில் ஒளிந்திருக்கின்றன. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது: எந்தக் குறி அமைப்பில் குடும்பத்தில் உள்ள *எல்லா* அணிகளும் நில்பொடென்ட்? இதைக் கட்டாயப்படுத்தும் அமைப்பு என்போம். இரண்டாவது: எந்த அமைப்பில் *ஒன்றாவது* நில்பொடென்ட்? இதை இடம் தரும் அமைப்பு என்போம்.

முதல் கேள்விக்கு முழு விடை உண்டு, சிறியதும்கூட. அமைப்பை அம்புப் படமாக வரையுங்கள்: (1,2) இடம் பூச்சியமில்லை என்றால் 1-இலிருந்து 2-க்கு ஓர் அம்பு (1-இலிருந்து 1-க்கே திரும்பும் அம்பும் ஒரு சுற்றுதான்). இப்படி வரைந்த படத்தில் சுற்று எதுவுமே இல்லையென்றால் மட்டும் அமைப்பு நில்பொடென்ட் தன்மையைக் கட்டாயப்படுத்தும். சுற்று இல்லாவிட்டால் வரிசை எண்களை மாற்றி அடுக்கி, மூலைவிட்டத்துக்கு மேலே மட்டும் உறுப்புகள் இருக்கும்படி செய்துவிடலாம். அப்படிப்பட்ட அணி நில்பொடென்ட் என்பது தெரிந்ததே. சுற்று ஒன்று இருந்தால், அதில் உள்ள உறுப்புகளை ±1 என்று வைத்து மற்றதையெல்லாம் பூச்சியத்துக்கு வெகு அருகில் கொண்டுவாருங்கள். ±1-இன் மூலங்களுக்குப் பக்கத்தில் ஐகன் மதிப்புகள் வந்து நிற்கும். அவற்றின் அளவு கிட்டத்தட்ட 1, பூச்சியமாக வாய்ப்பே இல்லை.

சுவாரசியமெல்லாம் இரண்டாவது கேள்வியில்தான்.

2 × 2 அமைப்புகளில் எத்தனை இடம் தருகின்றன?

நான்கு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு: மொத்தம் 81 அமைப்புகள். இடம் தருபவை 9 மட்டும்.

கணக்கு எளிது. மூலைவிட்டக் கூடுதல் பூச்சியம் என்பதால் மூலைவிட்டத்தில் க, −க என்று இருக்க வேண்டும். அணிக்கோவை பூச்சியம் என்பதால் மற்ற இரு உறுப்புகளின் பெருக்கல் −க² ஆக வேண்டும். க பூச்சியமென்றால் அந்த இரண்டில் ஒன்றாவது பூச்சியம். அப்படி 5 அமைப்புகள். க பூச்சியமில்லை என்றால் அந்த இரண்டும் எதிரெதிர்க் குறி, அதாவது புலி–மான் ஜோடி. மூலைவிட்டத்துக்கு 2 வழி, ஜோடிக்கு 2 வழி. அப்படி 4 அமைப்புகள். ஆக 9.

3 × 3-க்குப் போனால் மொத்த அமைப்புகள் 19,683. கையால் எண்ணுகிற வேலை இல்லை.

ஓர் அமைப்பைப் பார்த்தவுடனே 'இடம் தராது' என்று சொல்ல வழி உண்டா?

உண்டு. ஐகன் மதிப்புகள் எல்லாம் பூச்சியம் என்றால், அணியின் எந்த அடுக்கை எடுத்தாலும் மூலைவிட்டக் கூடுதல் பூச்சியமாகத்தான் இருக்கும். முதல் இரண்டு அடுக்குகளே நிறைய ஆட்களை வடிகட்டிவிடும்.

முதல் அடுக்கு: மூலைவிட்டத்தில் + இருந்தால் − வேண்டும், − இருந்தால் + வேண்டும். இல்லையா, எல்லாம் பூச்சியமாக இருக்க வேண்டும்.

இரண்டாம் அடுக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். அணியின் வர்க்கத்தின் மூலைவிட்டக் கூடுதலில் மூலைவிட்ட உறுப்புகளின் வர்க்கங்கள் வரும். அவை எப்போதும் மிகை. அதோடு, ஒவ்வொரு எதிரெதிர் இட ஜோடியின் பெருக்கலும் இரண்டு மடங்காக வரும். மொத்தம் பூச்சியமாக வேண்டுமென்றால் மிகையை ஈடுகட்ட எங்கேயாவது குறை வேண்டும். குறை தருவது புலி–மான் ஜோடி மட்டும்தான். ஆகவே மூலைவிட்டத்தில் ஓர் உறுப்பாவது பூச்சியமில்லை என்றால், அமைப்பில் ஒரு புலி–மான் ஜோடியாவது இருந்தே ஆக வேண்டும்.

இந்த ஒரு வரியிலிருந்து இலவசமாகச் சில முடிவுகள் கிடைக்கும். குறிகள் சமச்சீராக இருந்தால் (பூச்சிய அணி தவிர) இடமில்லை: கூடுதல் முழுக்க மிகை. எதிர் சமச்சீராக இருந்தாலும் இல்லை: முழுக்கக் குறை. எல்லாமே + உள்ள அமைப்புக்கும் இடமில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தச் சோதனைகளில் தேறிவிட்டால் இடம் தரும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இதோ ஒன்று:

+  +  0
−  0  +
0  +  −

மூலைவிட்டத்தில் இரு குறியும் உண்டு. முதல் ஜோடி புலி–மான். எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அணிக்கோவையை விரித்தால் வருவது இரண்டே உறுப்புகள், இரண்டும் குறை. எந்த எண்ணைப் போட்டாலும் அது பூச்சியமாகாது.

சரி, சிறப்பியல்புக் கோவையின் எல்லாக் கெழுக்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றும் பூச்சியமாகக்கூடியது என்று உறுதி செய்துவிட்டால்? அதுவும் போதாது.

+  0  0
0  +  +
0  −  −

இதில் மூலைவிட்டக் கூடுதலைப் பூச்சியமாக்கலாம். 2 × 2 முதன்மைச் சிற்றணிக்கோவைகளின் (ஒரே எண் உள்ள இரு நிரைகளும் நிரல்களும் தரும் அணிக்கோவைகளின்) கூடுதலையும் ஆக்கலாம். அணிக்கோவையையும் ஆக்கலாம். ஆனால் முதல் மூலையில் இருக்கிற + தனியாக நிற்கிறதே, அதுவே ஓர் ஐகன் மதிப்பு! அது எப்படிப் பூச்சியமாகும்? ஒவ்வொன்றாகப் பூச்சியமாக்குவது வேறு, ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் ஆக்குவது வேறு. ஒரு தேர்வுத்தாளுக்கு வினா தயாரிக்கும்போது நானே இந்தக் குழியில் விழுந்திருக்கிறேன். திருத்தும்போது ஒரு மாணவிதான் சுட்டிக்காட்டினார்.

கையால் ஒரு 3 × 3 நில்பொடென்ட் அணியைக் கண்டுபிடித்துக் காட்ட முடியுமா?

முடியும். இந்த அமைப்பை எடுத்துக்கொள்வோம்:

−  +  0
−  0  +
0  −  +

மேல் பக்கத்து + இரண்டையும் 1 என்று வைத்துக்கொள்ளலாம். நிரையை ஒரு மிகை எண்ணால் பெருக்கி, அதே எண் உள்ள நிரலை அதே எண்ணால் வகுத்தால் ஐகன் மதிப்புகள் மாறாது என்பதால் இதனால் எதையும் இழக்கவில்லை. மீதி நான்கு எண்களை க, ச, த, ப என்போம், நான்கும் மிகை:

−க   1   0
−ச   0   1
 0  −த   ப

மூன்று நிபந்தனைகள் வரும். மூலைவிட்டக் கூடுதல்: ப − க = 0. 2 × 2 முதன்மைச் சிற்றணிக்கோவைகளின் கூடுதல்: ச + த − க×ப = 0. அணிக்கோவை: ச×ப − க×த = 0. முதலாவது க-வும் ப-வும் சமம் என்கிறது. அதை மூன்றாவதில் போட்டால் ச-வும் த-வும் சமம். க = ப = 2 என்று எடுத்தால் ச + த = 4, ஆக இரண்டுமே 2.

−2   1   0
−2   0   1
 0  −2   2

இதை ந என்போம். ந² போட்டுப் பாருங்கள்:

2  −2  1
4  −4  2
4  −4  2

இன்னொரு தடவை ந-ஆல் பெருக்கினால் எல்லாம் பூச்சியம். முதல் நிரைக்கு மட்டும் சரிபார்த்தால் போதும். மற்ற இரண்டும் அதன் இரட்டிப்புதான்.

எல்லா ஐகன் மதிப்பும் பூச்சியமாகிற ஓர் அணிக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நில்பொடென்ட் அணியை யாரும் அதற்காகத் தேடுவதில்லை. வேறொன்றின் சாவி அது.

ஒரு குறி அமைப்பைப் பார்த்து, 'குறிகளை மட்டும் வைத்து ஐகன் மதிப்புகளைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா?' என்று கேட்கிறோம். சில அமைப்புகளில் முடியும். சில அமைப்புகள் முழுக் கைவிரிப்பு: எந்த மெய்யெண் கெழுக்களைக் கேட்டாலும் (முதல் கெழு 1), அதைச் சிறப்பியல்புக் கோவையாகக் கொண்ட ஓர் அணி அந்தக் குடும்பத்தில் இருக்கும். நிலைத்து நிற்பதும் இருக்கும், வெடித்துச் சிதறுவதும் இருக்கும், ஆடிக்கொண்டே இருப்பதும் இருக்கும். ஆங்கிலத்தில் ஸ்பெக்ட்ரலி ஆர்பிட்ரரி என்பார்கள். நான் 'எதற்கும் தயார்' அமைப்பு என்று சொல்வேன். வகுப்பில் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

எல்லாக் கோவையும் கிடைக்கும் என்றால் யᵐ-உம் கிடைக்க வேண்டும். ஆகவே எதற்கும் தயார் அமைப்பு நில்பொடென்டுக்கு இடம் தந்தே தீரும். வியப்பு என்னவென்றால், சரியான ஒரு நில்பொடென்ட் அணி கிடைத்துவிட்டால், பெரும்பாலும் அது ஒன்றை வைத்தே மற்ற எல்லாக் கோவைகளையும் எட்டிப் பிடித்துவிடலாம்.

ஒரே ஓர் அணியிலிருந்து எல்லாக் கோவைகளுமா? எப்படி?

ட்ரூ, ஜான்சன், ஒலெஸ்கி, வான் டென் டிரீஷே நால்வரும் 2000-இல் தந்த வழி இது. நில்பொடென்ட்–ஜேக்கோபியன் முறை என்று பெயர்.

நில்பொடென்ட் அணியில் முதலில் உள்ள 1-ஐத் தவிரக் கெழுக்கள் எல்லாம் பூச்சியம். பூச்சியமில்லாத உறுப்புகளில் ம உறுப்புகளை மட்டும் லேசாக அசைத்தால் கெழுக்களும் லேசாக அசையும். அந்த அசைவு எல்லாத் திசைகளிலும் போக முடிந்தால், பூச்சியத்தைச் சுற்றி உள்ள எல்லாச் சின்னக் கெழுக்களும் கைக்குள் வந்துவிடும். அசைவு மிகச் சிறியது என்பதால் குறிகள் மாறாது. அப்புறம் பெரிய கெழுக்கள்? அணி முழுவதையும் ஒரு பெரிய மிகை எண்ணால் பெருக்கினால், 1-க்கு அடுத்த கெழு அந்த எண்ணாலும், அதற்கு அடுத்தது அதன் வர்க்கத்தாலும், அடுத்தது கனத்தாலும் பெருகும். குறிகள் அப்படியே இருக்கும். எந்தக் கோவையைக் கேட்டாலும் முதலில் அதைச் சுருக்கிப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அங்கே அணியைக் கண்டுபிடித்து, பின் ஊதிப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

எல்லாத் திசைகளிலும் போக முடியுமா என்பதைச் சொல்வது ஜேக்கோபியன் அணிக்கோவை. அது பூச்சியமாக இல்லாவிட்டால் முடியும். நம் 3 × 3-இல் ப-வை 2 என்று நிறுத்திவைத்து க, ச, த மூன்றையும் அசைப்போம். மேலே உள்ள மூன்று கோவைகளின் பகுதி வகைக்கெழுக்கள்:

−1   0   0
−2   1   1
−2   2  −2

அணிக்கோவை: −1 × (1×(−2) − 1×2) = 4. பூச்சியமில்லை. முடிந்தது வேலை: அந்தக் குறி அமைப்பு எதற்கும் தயார். இன்னொரு போனஸும் உண்டு. அதில் பூச்சியம் உள்ள இடங்களில் எந்தக் குறியைப் போட்டு நிரப்பினாலும், வரும் அமைப்பும் எதற்கும் தயார்தான். புதிதாகச் சேரும் எண்களை மிகச் சிறியதாக வைத்துக்கொண்டால் அதே வாதம் அப்படியே ஓடும்.

ம பெரிதானால் ஜேக்கோபியன் பயமுறுத்துகிறதே?

பயமுறுத்தும். கார்னெட், ஷேடர் இருவரும் வகைக்கெழுவையே தொடாமல் வேலையை முடிக்க ஒரு வழி கண்டார்கள். ந என்பது ம-ஆம் அடுக்கில்தான் முதல்முறையாகப் பூச்சியமாகிற நில்பொடென்ட் அணி என்று வையுங்கள். ந-உடன் பரிமாற்றும் அணிகளை, அதாவது எந்தப் பக்கம் பெருக்கினாலும் ஒரே விடை தருபவற்றை, எடுங்கள். ந-இன் நிரை நிரல் மாற்று அணியில் பூச்சியமில்லாத இடங்களிலெல்லாம் பூச்சியம் வைத்திருப்பது அவற்றில் பூச்சிய அணி மட்டும்தான் என்றால், அமைப்பு எதற்கும் தயார்.

நம் ந-இல் பார்ப்போம். அதனுடன் பரிமாற்றுபவை எல்லாம் α×(அலகு அணி) + β×ந + γ×ந² என்ற வடிவம். (1,2) இடம் பூச்சியம் என்றால் β − 2γ = 0. (2,3) இடம் பூச்சியம் என்றால் β + 2γ = 0. ஆக β, γ இரண்டும் பூச்சியம். (1,1) இடத்தைப் பார்த்தால் α-வும் போய்விடும். மூன்று வரியில் முடிந்தது.

டி-என் ஊகம் என்று படித்தேனே, அது இதோடு தொடர்புடையதா?

நம் 3 × 3-இன் பெரிய அண்ணன்தான் அது. முதல் மூலையில் −, கடைசி மூலையில் +, மூலைவிட்டத்தில் மற்றதெல்லாம் பூச்சியம். மூலைவிட்டத்துக்கு மேல் ஒட்டிய கோட்டில் எல்லாம் +, கீழே ஒட்டிய கோட்டில் எல்லாம் −. வரிசையாகப் புலி–மான் ஜோடிகள், இரு முனையில் மட்டும் மூலைவிட்ட உறுப்பு. 2000-இல் வந்த அதே கட்டுரை, எந்த அளவிலும் இது எதற்கும் தயார் என்று ஊகித்தது. 7 வரை சரிபார்த்தும் காட்டியது. 2003-இல் அது 16 வரை நீண்டது. பொதுவான நிரூபணத்தைக் கார்னெட்டும் ஷேடரும் 2012-இல் தந்தார்கள், மேலே சொன்ன பரிமாற்று உத்தியை வைத்துத்தான்.

நில்பொடென்டுக்கு இடம் தரும் அமைப்பெல்லாம் எதற்கும் தயாரா?

இல்லை.

0  +  0
+  0  +
0  −  0

இதில் + இடத்தில் 1, − இடத்தில் −1 போட்டால் கனம் பூச்சியமாகும். ஆனால் மூலைவிட்டம் முழுக்கப் பூச்சியமாக இருப்பதால் ஐகன் மதிப்புகளின் கூடுதல் எப்போதும் பூச்சியம்தான். வேறு கூடுதல் கேட்டால் கிடைக்காது.

பூச்சியமே இல்லாத அமைப்பென்றால் கதை வேறு. அங்கே இடம் தருவதும் எதற்கும் தயாராக இருப்பதும் ஒன்றுதான் என்று 2007-இல் பெரேரா நிரூபித்தார். காரணம் அழகானது. பூச்சியமே இல்லாத அணியில் எந்த உறுப்பை லேசாக அசைத்தாலும் குறி மாறாது. ஆகவே நில்பொடென்ட் அணிக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும் எல்லா அணிகளும் அதே குடும்பம். அந்த அக்கம்பக்கத்தில் எல்லாச் சின்னக் கெழுக்களும் கிடைக்கும் என்பதை ஜோர்டான் வடிவத்தை (மூலைவிட்டத்தில் ஐகன் மதிப்புகளும் அதற்கு மேல் ஒட்டிய கோட்டில் 0 அல்லது 1-உம் மட்டும் உள்ள வடிவம்) அசைத்தே காட்டிவிடலாம். மீதி, ஊதிப் பெரிதாக்கும் அதே வித்தை.

மூன்று நிரையிலும் 1, 1, −2 என்று எழுதிய அணியை எடுங்கள். வர்க்கம் பூச்சியம். ஆகவே மூன்று நிரையும் + + − ஆன குறி அமைப்பு எதற்கும் தயார். ஜேக்கோபியனும் இல்லை, ஒன்றும் இல்லை.

குறைந்தது எத்தனை உறுப்புகள் பூச்சியமில்லாமல் இருக்க வேண்டும்?

சின்னத் துண்டுகளாகப் பிரிக்க முடியாத அமைப்புகளைப் பற்றிப் பேசுவோம். எதற்கும் தயாராக இருக்க 2ம − 1 உறுப்புகளாவது வேண்டும் என்று 2004-இல் நிறுவப்பட்டது. கருத்து இதுதான்: 3 × 3-இல் இரண்டு உறுப்புகளை இலவசமாக 1 ஆக்கினோமே, அதுபோல எப்போதும் ம − 1 உறுப்புகளை ±1 ஆக்கிவிடலாம். மீதி உள்ளவைதான் உண்மையில் அசையக்கூடியவை. ம கெழுக்களையும் விருப்பப்படி அசைக்க அவை ம-ஆவது இருக்க வேண்டும். கூட்டினால் 2ம − 1.

இன்னும் ஒன்று கூடுதலாக, 2ம வேண்டும் என்பதுதான் டூ-என் (2n) ஊகம். டி-என் அமைப்பில் உறுப்புகளை எண்ணிப் பாருங்கள்: இரு கோட்டில் 2(ம − 1), இரு மூலையில் 2. சரியாக 2ம.

இரண்டு நிரைகளை இடம் மாற்றினால் விடை மாறுமா?

நிரையை மட்டும் மாற்றினால் மாறும். நிரையையும் அதே எண் உள்ள நிரலையும் சேர்த்து மாற்றினால் மாறாது. அதேபோல் ஒரு நிரையையும் அதே எண் நிரலையும் −1-ஆல் பெருக்கலாம். மொத்த அணியின் குறியைத் திருப்பலாம். நிரை நிரல் மாற்றும் செய்யலாம். மேலே சொன்ன 2 × 2-இன் நான்கு அமைப்புகளும் இந்தக் கணக்கில் ஒரே அமைப்புதான்.

இலங்கைப் பாடநூலில் 'தாயம்' என்று இருக்கிறதே?

அதே பொருள்தான். தமிழ்நாட்டில் அணி, அங்கே தாயம். நில்பொடென்டுக்கு மட்டும் நான் தமிழ்ச் சொல் தேடிப் போகவில்லை. வகுப்பில் எல்லோரும் அப்படியே சொல்கிறார்கள்.

4 × 4 டி-என் அமைப்புக்கு முழு எண்களில் நில்பொடென்ட் அணி தேடினேன், கிடைக்கவில்லை. எங்கே தவறு?

தவறு எதுவுமில்லை. கிடைக்கவே கிடைக்காது. மேல் கோட்டையெல்லாம் 1 ஆக்கி, மூலைகளை −1, 1 என்று வைத்து, கீழ்க்கோட்டை −ச, −த, −ட என்று எழுதுங்கள். மூலைவிட்டக் கூடுதல் தானாகவே பூச்சியம். மற்ற மூன்று நிபந்தனைகள்: ச + த + ட = 1; ச = ட; ச×ட = த. அதாவது த = ச², 2ச + ச² = 1. மிகையான விடை ஒன்றே ஒன்று: ச = √2 − 1. அப்போது த = 3 − 2√2.

முழு எண்களிலோ பின்னங்களிலோ ஒரு நில்பொடென்ட் அணி அந்தக் குடும்பத்தில் இருந்திருந்தால், அதை வகுத்துப் பெருக்கி இந்த வடிவத்துக்குக் கொண்டுவரும்போது ச-வும் பின்னமாகத்தான் வந்திருக்கும். √2 அதற்கு விடாது. 3 × 3-இல் அத்தனை சுலபமாக 2, 2 என்று விழுந்தது இங்கே இல்லை.

அந்த √2 அணியைக் கணினியில் கொடுத்தால் ஐகன் மதிப்பு பூச்சியம் வரவில்லையே?

வராது. கணினி √2-ஐ ஏறக்குறைய 16 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும்; ஆகவே அணியில் 10⁻¹⁶ அளவுக்குப் பிழை நுழைந்துவிடுகிறது. நான்காம் அடுக்கில் பூச்சியமாகிற அணியில் அந்தப் பிழை ஐகன் மதிப்பில் நான்காம் மூலமாக வெளிப்படும்: 10⁻⁴. திரையில் 0.0001 போல ஏதோ வந்தால் அமைப்பைச் சந்தேகிக்க வேண்டாம். அணியை நான்கு தடவை பெருக்கிப் பாருங்கள், 10⁻¹⁶-க்குப் பக்கத்தில் எண்கள் வரும். மனசு ஆறவில்லை என்றால் √2-ஐ எண்ணாக மாற்றாமல் குறியீடாகவே வைத்துக் கையால் பெருக்குங்கள். 16 இடமும் சுத்தமாகப் பூச்சியமாவதை ஒரு தடவை பார்ப்பது நன்றாகவே இருக்கும், அரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.